கற்பூரம் பட்ட தங்கம்

செப்டம்பர் 24, புதன்

காலையில் தூறல். எட்டு மணிக்கு நின்றது. காற்றில் ஈரம் போகவில்லை.

வேலை:
– மைக்கா உரிக்க, 12 துண்டு
– ஊசிக்கம்பி வெட்ட
– நைட்ரஜன் சிலிண்டர் வந்ததா, ஆய்வக உதவியாளர் துரைசாமி அண்ணனிடம் கேட்க
– மெஸ் டோக்கன்

மைக்கா, அதாவது காக்காப்பொன் தகடு, 12இல் 8 தேறியது. வெங்காயத் தோல்போல உரிந்து வர வேண்டும். நான்கில் பாதியில் கிழிந்து படி விழுந்துவிட்டது. அதன்மேல் தங்கம் பூசிப் பயனில்லை.

மதியம் சார் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். என்னையும் நவீன் அண்ணாவையும். அவர் ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவர், நான் இரண்டாம் வருடம். பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகம். அவர்களுக்கு அணு அளவுக்கு வழுவழுப்பான தங்கம் வேண்டுமாம், ஆறு துண்டு. அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் இங்கிருந்து ஒருவருக்கு அங்கே மூன்று மாதப் பயிற்சி. எங்களிடமும் அணுவைப் படமெடுக்கும் ஊசிக்கருவி உண்டு, அங்குள்ளது முழு வெற்றிடத்துக்குள் வேலை செய்வது. நான் புத்தகத்தில் மட்டும் பார்த்தது.

"யாரு செஞ்சது நல்லா வருதோ அவங்க போலாம். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்." சார்.

"சரிங்க சார்." நான். அதற்கு மேல் எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது.

வெளியே வந்ததும் ந. அண்ணா: "நீ ராத்திரி ஸ்லாட் எடுத்துக்க அம்மணி. அப்பத்தான் லிப்ட் ஓடாது, ஆள் நடக்க மாட்டாங்க, படம் ஆடாம வரும்."

பெண்கள் ஹாஸ்டலை மாலை ஆறரைக்குப் பூட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் துடியலூரில் சொந்த வீடு, பைக், நினைத்தபோது வரலாம் போகலாம். குத்திக்காட்டினாரா, மறந்து சொன்னாரா? மறந்திருந்தால் இன்னும் கோபம் வருகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

மேகமூட்டம். காற்று இல்லை. தீக்கு நல்ல நாள்.

அம்மா போன். சத்தியமங்கலத்தில் மழையாம், மல்லி மொட்டு செடியிலேயே அழுகுகிறதாம், பூப்பறிக்கும் கூலி வேலை மூன்று நாளாக இல்லையாம்.

"பூசைக்கு ஊட்டுக்கு வாரியா கண்ணு?"

"வாரேம்மா."

"மேக்கால ஊட்டுக்காரி கேக்கறா. உம்புள்ள தங்கத்துலதான வேல செய்யுது, ஒரு மூக்குத்திக்கு மிச்சம் புடிக்க முடியாதான்னு."

நான் பூசுகிற தங்கத்தின் கனம் தலைமுடியை ஐநூறாக வகுந்தால் அதில் ஒரு பங்கு என்றேன். அம்மாவுக்கு ஏமாற்றம். அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்றாள்.

"வயல்ல பரம்படிக்கற மாதிரிம்மா. ஒரு அணு உசரம்கூட மேடு பள்ளம் இல்லாம. நெருப்புல காட்டுனா அதுவா சமமாகும்."

"நெருப்புல எவ பரம்படிப்பா. போய்ச் சோத்த உண்ணு."

பிறகு தீ வேலை. நேற்றுத் தங்கம் பூசிய எட்டுத் துண்டும். டியூப் லைட்டை அணைத்துவிட்டுத்தான் செய்வேன். வெளிச்சத்தில் தெரியாது, தங்கம் மங்கலாகச் செம்மஞ்சளுக்கு வருகிற அந்த நொடி. வந்ததும் தீயை விலக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் மைக்கா கொப்பளித்துவிடும். கொஞ்சம் குறைந்தால் தங்கம் குருணை குருணையாக அப்படியே கிடக்கும். இரண்டு வருடத்தில் அறுபது துண்டுக்கு மேல் பாழாக்கித்தான் இது கண்ணுக்குப் பழகியது.

ந. அண்ணா லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டாப்வாட்ச் பிடித்துச் செய்கிறார். நான்கு துண்டும் கொப்புளம்.

"எத்தன செகண்டு ரேவதி?"

"செகண்டு இல்லீங்கண்ணா. நெறம்."

"நெறத்தெ எப்படிப் பேப்பர்ல எழுதறது?" என்று சிரித்தார். துரைசாமி அண்ணனும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்வி என்பதால் எரிச்சல் இரண்டு மடங்கு.

செப்டம்பர் 27, சனி

வெயில். ஹாஸ்டல் கதவு ஆறு மணிக்குத் திறந்ததும் ஓட்டம். என் நேரம் ஆறரை முதல் எட்டரை வரை, லிப்ட் ஓடத் தொடங்குவதற்குள். யாரும் கொடுத்த நேரம் இல்லை. நானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

ஊசி: பத்து வெட்டும் மொட்டை. பதினோராவது நன்றாக இருந்தது. அந்த முனை தங்கத்தைத் தொடக் கூடாது. தொடாமல், மயிரிழையிலும் குறைவான உயரத்தில் நகர்ந்து மேடு பள்ளம் படிக்கும். அடுத்த அறையில் நாற்காலி இழுத்தால் படத்தில் தெரியும்.

7.10. படிகள். அகலமான சமவெளி, ஓரம் நேர்கோடு, கோடுகள் சந்திக்கிற இடமெல்லாம் முக்கோண மூலை. ஒரு படியின் உயரம் ஒரே ஒரு அணு.

7.35. இன்னும் நெருங்கிப் போனேன். கோடுகள். இரண்டிரண்டாக, ஒரே இடைவெளியில், ஓரிடத்தில் எல்லாம் ஒன்றாக மடங்கித் திரும்பி, மறுபடி மடங்கி. மீன்முள் வரிசை. மேலடுக்கு அணுக்கள் தாமாக நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒழுங்கு. அழுக்கில்லாத தங்கத்தில் மட்டும் தெரிவது. இந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் எடுக்கவில்லை.

லிப்ட் ஓடியும் விடாமல் மதியம்வரை பார்த்தேன். எட்டுத் துண்டிலும் இருக்கிறது. எட்டிலும்.

ஆறைப் பெங்களூருக்கு அனுப்பும் பெட்டியில் வைத்து, நைட்ரஜன் நிரப்பி, மூடி, மேலே எழுதினேன்: ரேவதி. திறக்கக் கூடாது. மிச்சம் இரண்டு, 7உம் 8உம், பக்கத்து அறையில், காற்றுப் புகாத உலர்ஜாடிக்குள்.

சார் படத்தைப் பார்த்து "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ம்". பிறகு "நவீன், இதெப் பாரு." எனக்குச் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னார்.

மெஸ்ஸில் தோசை கருகல். பரவாயில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

நாளை விடுமுறை என்பதால் இன்றே ஆய்வகத்தில் ஆயுத பூசை. வாழைக்கன்று, மாவிலை, வெண்பூசணி. கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம். வருடா வருடம் நடப்பது. அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை.

காலை ஒன்பதுக்குச் சார்: "ரேவதி, நீ கோலத்தெப் பாத்துக்க. பொரியும் பொட்டலம் கட்டிப்போடு. பொம்பளப் புள்ள கை பட்டாத்தான் லட்சணமா இருக்கும்."

சரிங்க சார். வாசலில் உட்கார்ந்து கோலம். பிறகு தாழ்வாரத்தில் பொரி, கடலை, வெல்லம், நாற்பத்தைந்து பொட்டலம். ஒன்றரை மணி நேரம். ஆராய்ச்சி மாணவி.

பதினொன்றரைக்கு உள்ளே போனேன். சாமி படத்துக்கு முன்னால், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில், என் பெட்டி. திறந்து. ஆறு துண்டும் மேலே பார்த்தபடி. மூடி மேசையின் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது, என் எழுத்தின்மேல் சந்தனப் பொட்டு. அறைக்குள் சாம்பிராணிப் புகை. தட்டில் கற்பூரம் மலைபோல. ஜன்னல் சாத்தியிருந்தது, தீபம் அணையக் கூடாதாம்.

"மூடி..." என்றேன்.

யார் காதிலும் விழவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ந. அண்ணா மட்டும் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், சார் அதைக் கவனித்தார். சார்தான் சொன்னார்: "தங்கத்தெ மூடி வெச்சு எவனாச்சும் பூசை பண்ணுவானா? லட்சுமிம்மா. நாந்தான் தொறக்கச் சொன்னேன்."

எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கையைக் கூப்பிக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பூரம் முழுதாக எரிந்து முடிய ஏழு நிமிடம். கடிகாரத்தில் பார்த்தேன்.

முடிந்ததும் போய் மூடினேன். பொரி சாப்பிட்டேன். நன்றி சார் என்றுகூடச் சொன்னேன்.

அக்டோபர் 1, புதன், வீடு

அன்னூர் வழியாகக் கூட்டமான பஸ். நின்றுகொண்டே வந்தேன். மழை விட்டிருக்கிறது, பூவுக்கு நல்ல விலை, அம்மா விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

நேற்றுப் போட்ட துப்பட்டா. மடியில் போட்டு மடித்தபோது இன்னும் கற்பூர வாசம். ஒரு ராத்திரி கழிந்தும், பஸ் காற்று பட்டும்.

துணியே விடவில்லை. ஒரு அணு உயர அழுக்குக்கூட இல்லாமல் வைத்த தங்கம் விட்டிருக்குமா?

அம்மாவிடம் சொன்னேன். அவள் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உன்னையக் கேக்காம எவனோ உம்பொட்டியத் தொறந்தா நீ பாத்துட்டு நின்னயா?"

"அவரு சாரும்மா."

"பூ எடை போடறவன் கால் கிலோவ முழுங்குனா, அவங்கிட்டயே நாளைக்கும் போவோணும்னு தெரிஞ்சுதான் நான் சண்டைக்கு நிக்கறேன். நீ படிச்ச புள்ள."

மச்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். சார்மேல் கோபம், அம்மாமேல் கோபம், என் குரல்மேல் எல்லாவற்றையும்விட.

அக்டோபர் 3, வெள்ளி

கா. 6.30. பெட்டியைத் திறந்து 1ஆம் துண்டு. புது ஊசி.

படம் முழுக்க இழுவல். ஈரச் சுவரில் விரலால் தேய்த்ததுபோல. 2உம் அப்படியே. 3, 4, 5, 6. படிகள் எங்கோ அடியில் நிழலாகத் தெரிகின்றன. மீன்முள் இல்லை. ஊசியில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஒன்பதரைக்குச் சார் வந்து திரையில் படங்களைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள்:

"உன்னோட தீ வேலைல, அனீலிங்ல, ரிப்பீட்டபிலிட்டி இல்ல ரேவதி. ஒருநா வருது, ஒருநா வரல. நெறம் நெறம்னா இப்படித்தான்."

"சார், பூசை அன்னிக்கு..."

"பூசைக்கும் இதுக்கும் என்ன? சாக்கு சொல்லாதெ. நவீன் சீனியர், கருவி தெரியும். பெங்களூருக்கு அவனெத் தாட்டி உடறேன். நீ இந்த ஆறையும் மறுபடி சரி பண்ணிக் குடு. டீம் ஒர்க்தான?"

டீம் ஒர்க். என் தங்கம், என் தீ, என் கண். போவது அவர்.

சரிங்க சார் என்று சொன்னேனா? சொன்னேன். எழுதத்தான் வேண்டும். சொன்னேன்.

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகை. ஐந்து நிமிடம். அதன்பிறகு அழுகை இல்லை, வேறொன்று. பல்லைக் கடித்துக் கடித்துக் காதோரம் வலிக்கிறது.

அக்டோபர் 4, சனி

வானம் தெளிவு. கா. 6.35.

உலர்ஜாடியில் இருந்த 7உம் 8உம். பூசை அன்று இவற்றை யாரும் திறக்கவில்லை. அதே நாள் செய்தவை, அதே தீ, அதே கை.

7.20. மீன்முள். 7இல் உண்டு. 8.05. 8இலும் உண்டு.

இன்னும் ஒரு சோதனை மிச்சம். புகை பட்ட 3ஆம் துண்டை எடுத்து, லைட்டை அணைத்து, தீ காட்டினேன். செம்மஞ்சள். விலக்கினேன். ஆறவிட்டு மறுபடி ஊசிக்கு அடியில். லிப்ட் ஓடத் தொடங்கியிருந்தது. படம் ஆடியது. இருந்தாலும் தெரிந்தது. கோடு, மடிப்பு, கோடு, மடிப்பு.

தங்கம் கெடவில்லை. மேலே படிந்ததுதான்.

கருவிப் பதிவேட்டில் எழுதினேன். ஆங்கிலத்தில். சாரம்: 1 முதல் 6 வரை 30ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டவை, அறையில் கற்பூரமும் சாம்பிராணியும் எரிந்தன, மேற்பரப்பில் படிவு. 7, 8 திறக்கப்படாதவை, ஒழுங்கு அப்படியே உள்ளது. 3 மறுபடி சூடாக்கியதும் ஒழுங்கு திரும்பியது. கீழே கையெழுத்து.

துரைசாமி அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்க மாட்டார், என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார், கற்பூரம் என்றேன்.

"ஏனுங் அம்மணி, நம்ம கற்பூரமா? நாந்தானுங்க வாங்கியாந்தேன். சல்லிசா இருக்குதுன்னு ஒரு டப்பா பூராங் கொட்டிப்போட்டேன். அட கெரகமே."

"உங்க தப்பு இல்லீங்கண்ணா."

ந. அண்ணா பத்து மணிக்கு வந்து படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"சாமி கும்பிட்டதால கெட்டுப்போச்சுன்னு எழுதி வெச்சிருக்கெ. சார் படிச்சா என்னாகும்?"

"கும்பிட்டதால இல்லீங்கண்ணா. தொறந்ததால."

"எனக்குப் புரியுது புள்ள. நான் தப்புன்னு சொல்லல." தலையைச் சொறிந்தார். "ஆனா என் பேரெச் சார் முடிவு பண்ணிட்டாரு. நான் என்ன பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எளிது.

மற்ற ஐந்தையும் சூடாக்கி முடித்தேன். ஆறும் தயார். என் வேலையை நான் செய்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி துவைத்தேன். துப்பட்டாவை மூன்று தடவை.

ஹாஸ்டலில் சாம்பார். எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம்.

9.15. சார் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு: "இதெ அடிச்சுப்போடு. ரெஜிஸ்டர்ல சாமி விசயமெல்லாம் எதுக்கு? நாளைக்கு வெளியாள் பாத்தா சிரிப்பான்."

பேனாவை நீட்டினார். வாங்கினேன். அடிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

11 மணி. பெங்களூர் ஆய்வகத்து மேடத்துடன் வீடியோ அழைப்பு. சார் நடுவில், ந. அண்ணா வலப்பக்கம், நான் திரையில் பாதி முகம். மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

ந. அண்ணா படங்களை அனுப்பியபோது முழுக் கோப்புறையையும் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை இழுவல் படங்களும் சேர்ந்து போயிருக்கின்றன. மேடம் அதைத்தான் முதலில் திறந்தார்.

27ஆம் தேதி இவ்வளவு அழகாக இருக்கிறது, 3ஆம் தேதி இப்படி, 4ஆம் தேதி மறுபடி அழகாக. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சார்: ஈரப்பதம். இங்கே மழை.

ஈரத்தால் இப்படி ஆகாதே என்றார் மேடம். அறையில் வேறு என்ன இருந்தது?

ந. அண்ணா மேசையைப் பார்த்தார். சார் தொண்டையைச் செருமினார். இன்னொரு பொய்க்கு அவர் வாய் திறக்கப்போகிறார் என்று தெரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது என்றும் தெரிந்தது.

"கற்பூரம், மேடம்."

என் குரல்தான். கொஞ்சம் கத்தலாகவே வந்துவிட்டது. பிறகு நிற்கவில்லை. திறந்த பெட்டி, மூடிய ஜாடி, ஏழு நிமிடம், மறுபடி தீ. இலக்கணம் எல்லாம் தப்புத்தப்பாக. பரவாயில்லை.

மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். நாங்களும் ஆயுத பூசை செய்கிறோம், முதல்நாளே மாதிரிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார். சாதாரணமாக, சிரிக்காமல். பிறகு, இதைப் பிரித்துக் கண்டுபிடித்தது யார்?

சார்: "எங்க குழு."

"நான்," என்றேன்.

அழைப்பு முடிந்தது. சார் மடிக்கணினியை மூடினார். என்னைப் பார்க்கவில்லை. "நவீன், பாரத்தெ எடுத்துட்டு வா. உம்பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுடலாம்."

என் முன்னாலேயே. நான் அங்கே நிற்கிறேன் என்று தெரிந்தே.

அக்டோபர் 7, செவ்வாய்

தலைவலி. கோபமாக இருந்தால் பசிக்காது என்பார்கள். எனக்குப் பசிக்கிறது. இரண்டு தட்டு உப்புமா.

10.50. நூலகத்தில். மேடத்திடமிருந்து மெயில், எனக்கு. படக் கோப்பிலேயே எடுத்தவர் பெயர் பதிந்திருக்கும், அதைப் பார்த்திருக்கிறார். ஐந்து வரி. நிறத்தை வைத்துச் செய்வதை நேரில் பார்க்க வேண்டும். கற்பூரம் பட்டு, மறுபடி சூடாக்காத துண்டு ஒன்று மிச்சமிருந்தால் கொண்டு வரவும். பாரத்தில் வேறு பெயர் வந்திருக்கிறது, குழப்பம். வருவது நீங்கள்தானே? இருபதாம் தேதிக்குள் வர முடியுமா?

வருவது நான்தான். கற்பூரம் பட்ட துண்டு மிச்சமில்லை, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். வேண்டுமானால் அங்கே வந்து ஒன்றைக் கெடுத்துக் காட்டுகிறேன். இப்படி எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

சாரிடம் கேட்டுவிட்டுப் பதில் போடலாம் என்று எழுந்தேன். கதவுவரை போனேன். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன சொல்வேன் என்றும் தெரியும், வாய் பழகிவிட்ட அந்த இரண்டு சொல்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். 11.10. அனுப்பினேன்.

அக்டோபர் 8, புதன்

மழை. பெரிய மழை. ஆய்வகத்துக்குள் செருப்பெல்லாம் சேறு.

பதினொரு மணிக்குச் சார் கூப்பிட்டார். கையில் மெயிலின் அச்சுப் பிரதி, மேடம் என் பதிலோடு அவருக்கும் நகல் அனுப்பியிருக்கிறார். ந. அண்ணா கதவருகே, உள்ளே வருவதா வெளியே போவதா என்று தெரியாமல்.

"மூணு மாசம். தனியா. உங்க ஊட்டுல உடுவாங்களா?"

"அம்மாகிட்டச் சொல்லிட்டேனுங்க சார்."

"நவீனுக்கு இது கடைசி வருசம். நீ அடுத்த தடவ போலாமில்ல?"

ந. அண்ணா மெதுவாக, "சார், எனக்கு அந்தத் தீ வேல வராதுங்க சார்," என்றார்.

சார் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை. அப்புறம் என்னிடம், காகிதத்தை மேசையில் தட்டி:

"யாரெக் கேட்டு இதுக்குப் பதில் போட்டெ?"

"யாரையும் கேக்கலீங்க சார்."